ஏறிக்கொண்டே போன முள்

முள் இரண்டில் நின்றது.

கடிகாரம் மாதிரி ஒரு வட்டம். அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோடுகள். ஒரு கோட்டுக்கு ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக அரிந்தால் அதில் ஒரு பங்கு. வட்டத்துக்குக் கீழே இரும்புப் பீடம். பீடத்தின் மேல் சுண்டுவிரல் உயரத்தில் பளபளவென்று ஓர் இரும்புத் துண்டு. துண்டின் தலையை மேலிருந்து ஒரு சின்ன மூக்கு தொட்டுக்கொண்டிருக்கும். துண்டு உயரம் கூடினால் முள் ஏறும், குறைந்தால் இறங்கும். அவ்வளவுதான் அந்தக் கருவி.

இரண்டு என்றால், இருக்க வேண்டியதைவிட இரண்டு மைக்ரான் கூடுதல். ஐந்து வரை மன்னிப்பு உண்டு. ஐந்தைத் தாண்டினால் தள்ளுபடி. ஆக, நல்ல துண்டு. தாளில் இரண்டு என்று எழுதிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டியதுதான்.

நான் எடுக்கவில்லை. அதே துண்டைத் தூக்கினேன். துடைத்தேன். தூசி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தேன். மறுபடி பீடத்தில் வைத்தேன்.

மூன்று.

இன்னொரு தடவை எடுத்து, துடைத்து, உருட்டி வைத்தேன்.

நான்கு.

அன்றைக்குப் பரீட்சை. எட்டு மாதப் பயிற்சி முடிந்து, பக்கத்துத் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வந்திருந்தார்கள். பதினாறு பெண்களில் ஆறு பேரை எடுப்பார்களாம். எட்டுத் துண்டு, இரண்டு மணி நேரம். என் துண்டு மட்டும் என் கண் முன்னாலேயே வளர்ந்துகொண்டிருந்தது.

சும்மா எவன் குடுப்பான்?

மாமல்லபுரம் கடைத்தெருவில் சிப்பி கோத்து மாலை கட்டிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு தங்கை, ‘அங்கிருந்து இரும்புக்கு எப்படிப் போனீர்கள்?’ என்று கேட்டு எழுதியிருக்கிறார். பயந்துகொண்டே போனேன் என்பதுதான் பதில்.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் கடற்கரைக்கும் நடுவில் இருக்கிறது. நைனாவுக்கு ஓர் இறால் பண்ணையில் காவல் வேலை. அம்மா நடவு, களை என்று கூப்பிட்ட கழனிக்குப் போவாள். நான் பத்தாவதோடு நின்றவள்.

நின்றவள் என்று எழுதுவது மரியாதைக்கு. கணக்குப் பரீட்சை அன்று பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போனேன். உள்ளே மணி அடித்தது. எல்லோரும் ஓடினார்கள். என் கால் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. ஒரு செங்கல் சூளைக்குப் பின்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பேனாவைக் கழற்றி விரலில் கொஞ்சம் மையைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

“எப்டிடீ எழுதின?” என்றாள் அம்மா.

“சுமாரா.”

பேப்பரில் என் நம்பர் வரவில்லை. ஃபெயில் என்று ஊர் முடிவு கட்டியது. நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எங்கள் தெருவில் ஃபெயில் ஒன்றும் அதிசயம் இல்லை. ஆனால் எழுதாமலே ஓடி வந்தவள் நான் ஒருத்திதான்.

அப்புறம் சில வருஷம் சிப்பி. தொண்ணூறுகள் முடியப்போகிற நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் ஐயர் ஒரு நோட்டீஸைப் படித்தார். (எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) சிங்கப்பெருமாள் கோயில் அருகே பெண்களுக்கு இலவசத் தொழிற்பயிற்சி. கடைசல் மிஷின் ஓட்டவும், துல்லியமாக அளக்கவும் கற்றுத்தருவார்கள். சீருடை, மதியச் சாப்பாடு, பஸ் பாஸ் எல்லாம் அவர்களே தருவார்கள். பத்தாவது தேறியவரும் வரலாம், தேறாதவரும் வரலாம்.

பக்கத்து வீட்டு மேரியக்கா இதைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“சும்மா எவன் குடுப்பான்? சோறு போட்டு, துணி குட்த்து, பஸ்ஸுக்கும் குடுக்கிறான்னா இன்னா அர்த்தம்? கிட்னிடீ! ஒண்ண எட்த்துகினு தையல் போட்டு அனுப்பிடுவானுங்க. பின்ன எட்டு மாசம் இன்னாத்துக்கு? புண்ணு ஆற வேணாம்?”

அம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னாள். “நீ போக்கா. இவ கிட்னிய வாங்கி எவன் வச்சிப்பான்? அதுவும் உள்ள பயந்துகினுதான் கீது.”

சிரித்தேன். ஆனால் மேரியக்கா சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. முதல் நாள் அடையாள அட்டைக்கு ரத்த வகை பார்க்க வேண்டும் என்று வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் ஊசியோடு வந்தார். நான் மெதுவாக வாசலைப் பார்த்து நகர்ந்தேன். யாரோ என் பின்னலைப் பிடித்து இழுத்தார்கள்.

“எங்கடீ நழுவுற?”

கறுப்பாக, நெடுநெடுவென்று ஒரு பெண். படாளத்திலிருந்து வந்திருந்தாள். பெயர் வெண்ணிலா. விஷயத்தை அவள் காதில் சொன்னேன். அவள் அந்த வெள்ளைக் கோட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தாள்.

“இந்தாளாண்ட கத்தி புடிக்கிற மூஞ்சியாடீ கீது? சும்மா குந்து. எட்த்தா ரெண்டு பேர்தும் சேத்துதான எடுப்பான்.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஓடியிருந்தால் இந்தத் தொடர் சிப்பியோடு முடிந்திருக்கும்.

மோர் ஊற்றும் மிஷின்

பயிற்சி நடந்த இடம் சென்னைக்குப் போகிற ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு தகரக் கொட்டகை. முன்னே அது கோழித்தீவனக் கிடங்காக இருந்ததாம். மழை பெய்தால் அந்த வாசனை திரும்ப வரும். யாரோ நல்ல மனிதர்கள் சேர்ந்து நடத்திய அறக்கட்டளை. மிஷின்கள் எல்லாம் பெரிய கம்பெனிகள் கழித்துக் கொடுத்தவை. நாலு லேத்து (கடைசல் மிஷினுக்கு அங்கே அதுதான் பெயர்). அதில் மூன்று ஓடும்.

முதல் மாதம் முழுக்க அரம் போட்டோம். ஒரு இரும்புக் கட்டியைக் கொடுத்து, சதுரமாக்கு என்றார்கள். நடவு நட்ட கை, சிப்பி கோத்த கை எல்லாம் கொப்புளித்தது. வெண்ணிலாவின் கட்டி சதுரமாவதற்குள் பாதியாகிவிட்டது. “எங்க வூட்ல சோப்பு கூட இவ்ளோ சீக்கிரம் கரையாதுடீ” என்றாள்.

பிறகு லேத்து. வளையல் கூடாது, பூ கூடாது, பின்னலைச் சுருட்டிக் கோட்டுக்குள் விட்டுக்கொள்ள வேண்டும். சுற்றுகிற மிஷினில் எது சிக்கினாலும் ஆள் போச்சு. வெண்ணிலாவின் அம்மா இதைக் கேள்விப்பட்டுப் படாளத்திலிருந்து கிளம்பி வந்து, கல்யாணமாகாத பெண்ணை மொட்டைக் கையோடு நிறுத்துகிறீர்களே என்று சண்டை போட்டார். ஒரு லேத்தை ஓட்டிக் காட்டினார்கள். இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழுவதை வாய் பிளந்து பார்த்துவிட்டு, போகும்போது மகளின் காதில் கிடந்த தொங்கட்டானையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

சூடு தணிய மிஷினில் வெள்ளையாக ஒரு தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும். வெண்ணிலா அதை மோர் என்பாள். “மோரு தீந்துபோச்சு சார்” என்று அவள் கத்துவது கொட்டகை முழுக்கக் கேட்கும். அந்த மோர் வாசனை துணியை எத்தனை தடவை அலசினாலும் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்து உட்காருவார்கள். எனக்கு அதில் ஒரு சந்தோஷம், தாராளமாக உட்காரலாம்.

மிஷின் வேலையில் நான் மட்டம். இரும்பை வெட்டுகிற கத்தி துண்டைத் தொடுகிற ஒவ்வொரு முறையும் கையை எடுத்துவிடுவேன். எங்களுக்குப் பாடம் நடத்திய பாஸ்கர் சார் இங்குமங்கும் ஓடி ஓடிக் களைத்த மனிதர். மூன்று லேத்துக்கும் பதினாறு பெண்களுக்கும் அவர் ஒருவர்தான். “எஸ்தர், அது உன்னக் கடிக்காது” என்று தினம் சொல்வார்.

எனக்குப் பிடித்தது அளக்கிற அறை.

ஒரே பதில்

கொட்டகையின் ஒரு மூலையைத் தடுத்துச் சின்னதாக ஓர் அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். நடுவில் கண்ணாடி போல வழவழவென்று ஒரு கருங்கல் மேசை. மாமல்லபுரத்தில் உளிச் சத்தத்துக்கு நடுவிலேயே சிப்பி கோத்தவள் நான். ஆனாலும் கல்லை இவ்வளவு தட்டையாக ஆக்க முடியும் என்று அதைத் தொட்டபோதுதான் தெரிந்தது. முதல் வாரம் ஒருத்தி சாப்பாட்டுத் தூக்கை அதன் மேல் வைத்துவிட்டாள். பாஸ்கர் சார் அழாத குறை.

மரப்பெட்டிக்குள் அளவுக் கட்டைகள் இருக்கும், சின்னச் சின்ன இரும்பு வில்லைகள். இரண்டைத் துடைத்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து நழுவவிட்டால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். தூக்கினால் இரண்டும் சேர்ந்தே வரும். அவ்வளவு வழவழப்பு.

“கோந்து தடவிகீறாங்கடீ” என்று வெண்ணிலா மோந்து பார்த்தாள்.

சுவரில் ஒரு ஏ.சி. பெட்டியும் உண்டு. அது ஓடி நாங்கள் பார்த்தது மிகக் குறைவு. முக்கியமான ஆள் யாராவது வந்தால் மட்டும்தான் போடுவார்கள். மற்ற நாளெல்லாம் ஒரு மின்விசிறி. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் அந்த அறை அடுப்பங்கரை மாதிரி இருக்கும்.

“ஒரு தடவ பாத்துட்டு எழுதாதீங்க” என்பார் பாஸ்கர் சார். “ரெண்டு தடவ பாருங்க. சந்தேகமா இருந்தா மூணாவது தடவ பாருங்க.”

எனக்கு இதைச் சொல்லவா வேண்டும்? நான் வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை போனதும் திரும்பி வந்து நாலாவது முறை இழுப்பேன். சிப்பிக் கடையில் மாலை முடிந்த பிறகும் முதலிலிருந்து எண்ணுவேன். அப்படி எண்ணும்போது கணக்கு மாறும், பிறகு மறுபடி எண்ணுவேன். கடைக்காரர் மாலையைப் பிடுங்கிக்கொண்டு போவார்.

இந்த அறையில்தான் முதன்முதலாக ஒரு பொருள் எனக்கு ஒரே பதிலைச் சொன்னது. துண்டை வைத்தேன், முள் நாலு என்றது. எடுத்து மறுபடி வைத்தேன், நாலு. ஐந்து முறை வைத்தாலும் நாலு. அதைவிடப் பெரிய ஆறுதல் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. என்னைப் போல ஓர் ஆளுக்கென்றே இப்படி ஒரு வேலையைப் படைத்திருக்கிறாரே கர்த்தர் என்று நினைத்துக்கொள்வேன். மற்றவர்கள் ஒரு துண்டு பார்க்கிற நேரத்தில் நான் கால் துண்டுதான் பார்ப்பேன். ஆனால் நான் சொன்ன அளவு தப்பியதே இல்லை. “எஸ்தர் சொன்னா சரியா இருக்கும்” என்று கொட்டகையில் பேச்சு வந்துவிட்டது.

கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் நான் எப்போதும் போலப் பயந்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு தைரியமும் இருந்தது. மனுஷர்கள் மாறலாம், முள் மாறாது.

ஐந்து, ஆறு

அந்த முள்தான் இப்போது ஐந்தில் நின்றது.

அன்றைக்குக் காலையிலிருந்தே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலமே போட்டுவிட்டார்களாம். அறை சில்லென்று இருந்தது. பக்கத்துக் கருவியில் உட்கார்ந்திருந்த வெண்ணிலா முந்தானையை இழுத்துப் போர்த்துகிற பழக்கத்தில் சீருடைக் கோட்டை இழுத்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு துண்டாக வைத்தாள், பார்த்தாள், எழுதினாள். வாழைப்பழம் சாப்பிடுகிற மாதிரி.

கருவியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அளவுக் கட்டையை இடுக்கியால் எடுத்து வைத்து முள்ளைச் சோதித்தேன். சரியாகப் பூஜ்யத்தில் நின்றது. கோளாறு கருவியில் இல்லை. திரும்பவும் என் துண்டு. எடுத்து, துடைத்து, உருட்டி, நன்றாக ஊதி வைத்தேன்.

ஆறு. தள்ளுபடி.

ஒரே துண்டு, முதலில் நல்லது, இப்போது கெட்டது. எதை எழுதுவது? தாளில் ஒரு துண்டுக்கு ஒரு கட்டம்தான். அடித்துத் திருத்தக் கூடாது. கட்டத்தைக் காலியாக விட்டு, ஓரத்தில் பென்சிலால் சின்னதாக எழுதி வைத்தேன்: 2, 3, 4, 5, 6.

“இன்னாடீ, ஒண்ணாந் துண்டுலயே குந்திகினு கீற?” வெண்ணிலா வாயைத் திறக்காமல் பல்லுக்குள் பேசினாள்.

“ஏறிகினே போவுதுடீ.”

“மொதல்ல இன்னா வந்துச்சு?”

“ரெண்டு.”

“ரெண்டுன்னு எழுதிட்டுப் போவியா! இன்னாத்துக்கு அதோட மல்லுக்கு நிக்கிற?”

எழுதலாம்தான். ஆனால் எந்த நம்பிக்கையில் எழுதுவது? இத்தனை மாதம் நான் நம்பியது ‘எத்தனை தடவை பார்த்தாலும் ஒன்றுதான்’ என்பதை மட்டும்தான். அது பொய்யென்றால், நான் அளந்தது எல்லாமே பொய்யாக இருக்கலாம். இந்தப் பரீட்சை போனால் மறுபடி சிப்பிதான். அது பரவாயில்லை. இதிலும் நான் பாதியில் எழுந்து போனேன் என்றால், இனி எந்த வாசலுக்கும் நான் போகமாட்டேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கண் அறை வாசலைத் தேடிக்கொண்டிருந்தது.

அப்போது பாஸ்கர் சார் எட்டிப் பார்த்தார். “டீ வந்திருக்கு. எல்லாரும் வெளிய வாங்க. பத்து நிமிஷம். எதையும் தொடாம அப்படியே விட்டுட்டு வாங்க.” அந்த அறைக்குள் டீ கிளாஸ் வரக்கூடாது என்பது சட்டம்.

துண்டை முள்ளுக்கு அடியிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். ஒரு மணி நேரம் போயிருந்தது. ஏழு துண்டு தொடக்கூட இல்லை.

டீ

வெளியே வெயில் முகத்தில் அடித்தது. குளிரில் இருந்து வந்த வெண்ணிலா, சூடு வேண்டும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எம்மாடீ! என் கை ஐஸுக் கட்டியாட்டம் கீது. உன்து மட்டும் இன்னா இட்லிப் பானையாட்டம் கொதிக்குது? ஜொரமா?”

“பயந்தா இப்டிதான் ஆவும் எனக்கு.”

“ஒரு மணி நேரமா அந்தத் துண்ட அடை காத்துகினு இருந்தியே, குஞ்சு பொரிக்கும் பாரு” என்று சிரித்துவிட்டு டீயை உறிஞ்சினாள்.

நான் சிரிக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தேன். எல்லோருக்கும் முன்னால் எழுந்து போய், அறை வாசலில் நின்று, கதவு திறந்ததும் என் இடத்துக்கு ஓடினேன்.

முள் இரண்டில் இருந்தது.

யாரும் தொடவில்லை. நான் விட்டுப்போனபோது ஆறில் நின்ற முள், துண்டு அப்படியே இருக்க, தானாக இரண்டுக்கு இறங்கி வந்திருந்தது. முதலில் உடம்பெல்லாம் புல்லரித்தது. பிறகு மெல்ல மெல்ல வேறு ஏதோ தட்டுப்பட்டது.

‘மிஷினிலிருந்து வந்த சூட்டோடு அளக்காதே. கல்லு மேல ஒரு மணி நேரம் ஆற விடு. சூடு ஏறினா இரும்பு வளரும்.’ இது என் நோட்டிலேயே இருந்தது. அடிக்கோடு கூடப் போட்டிருந்தேன். சூடு என்றால் மிஷினின் சூடு என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். என் கையும் ஒரு சூடு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தோன்றாததற்குக் காரணமும் இருந்தது. இத்தனை மாதமும் அந்த அறை என் கை அளவுக்கே வெந்துகொண்டிருந்தது. துண்டும் சூடு, கல்லும் சூடு, கையும் சூடு. அதனால் முள் அசையவில்லை. ஏ.சி. ஓடிய இன்றைக்குத்தான் துண்டு குளிர்ந்திருந்தது. நான் பயந்து பயந்து அதைக் கையில் வைத்துப் பொத்தப் பொத்த, அது வளர்ந்திருக்கிறது.

நினைத்தால் போதுமா? பார்த்தே ஆக வேண்டும் எனக்கு. மீதி நேரத்தில் ஏழு துண்டு அளக்க வேண்டும் என்று தெரிந்தும், முதல் துண்டை எடுத்து வேண்டுமென்றே இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பொத்திக்கொண்டேன்.

“ஜெபம் பண்றியாடீ?” என்றாள் வெண்ணிலா.

வைத்தேன். ஐந்து. கையை எடுத்துவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். முள் கண்ணுக்குத் தெரியாத நிதானத்தில் இறங்கியது. நாலரை. நாலு. மூன்று. ரயில் போன பிறகு தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றேன். இரண்டு.

கட்டத்தில் மையால் எழுதினேன்: 2. ஓரத்தில் பென்சிலில் இன்னொரு வரியும் சேர்த்தேன்: ‘கையில் வைத்தால் ஏறுகிறது. ஆறினால் 2.’

முப்பது நிமிஷம் இருந்தது. துடைக்கிற துணியாலேயே துண்டைப் பிடித்துத் தூக்கி வைத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். முள் நின்றதும் எழுதினேன். ஒரே ஒரு தடவை. அடுத்த துண்டு. ஒரே ஒரு தடவை. சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆறாவது துண்டு ஏழு காட்டியபோது விரல் நுனி எல்லாம் துடித்தது, எடு, துடை, இன்னொரு தடவை பார் என்று. பின்னால் கட்டிய கையில் நகத்தால் கிள்ளிக்கொண்டேன். காத்திருந்தேன். ஏழு அசையவில்லை. ஏழு என்றே எழுதி, பக்கத்தில் ‘தள்ளுபடி’ என்று போட்டேன். நல்ல துண்டைக் கெட்டது என்று சொல்லியிருந்தால்? என்னவோ, எழுதியாகிவிட்டது.

எட்டாவதுக்கு எழுதி முடிக்கவும் பாஸ்கர் சார் கை தட்டவும் சரியாக இருந்தது.

ஒருவர் ஒருவராக

கம்பெனியிலிருந்து வந்தவர் தடித்த கண்ணாடி போட்ட மனிதர். அதிகம் பேசமாட்டார். சாப்பாட்டுக்கு அப்புறம் ஒவ்வொருவராக அளக்கிற அறைக்கே கூப்பிட்டார். வெண்ணிலா போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

“லேத்துக்கு எட்த்துகினாங்கடீ! பீஸு சீக்கிரம் போடுவியான்னு கேட்டாரு. நீங்க நிறுத்துன்னு சொல்ற வரிக்கும் போடுவேன்னேன்.”

என் முறை வந்தது. மேசையில் என் தாள். அவர் தன்னிடம் இருந்த ஒரு தாளோடு அதை ஒப்பிட்டு, சிவப்புப் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வந்தார். ஏழு டிக். ஒன்றில் மட்டும் ஒரு மைக்ரான் பிசகு. பிறகு பென்சில் ஓரத்துக்குப் போய் நின்றது.

“என்னம்மா இது? ஒரு பீஸுக்கு அஞ்சு ரீடிங்?”

பக்கத்தில் நின்ற பாஸ்கர் சார், “கொஞ்சம் பயந்த பொண்ணு சார். ஆனா ரொம்ப...” என்று ஆரம்பித்தார். வந்தவர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

“இதுல எது அளவு?”

“ரெண்டு சார்.”

“மீதி நாலு?”

“மீதி நாலும் என் கை சார்.”

சொன்ன பிறகுதான், என்ன இப்படிச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்கவில்லை.

“யார் சொல்லிக்கொடுத்தா?”

“யாரும் இல்ல சார். டீ குடிக்கப் போயிட்டு வந்தேன். முள்ளு தானா எறங்கி இருந்துச்சு. அப்புறம் வேணும்னே கையில பொத்தி வச்சிப் பாத்தேன்.”

“பரீட்சையில, அவ்ளோ நேரத்த செலவு பண்ணி?”

“ஆமா சார்.”

அவர் பாஸ்கர் சாரைப் பார்த்தார். பாஸ்கர் சார் ஏ.சி. பெட்டியைப் பார்த்தார். வெளியே யாரோ லேத்தை நிறுத்தினார்கள். சுற்றல் தணிந்து தணிந்து அடங்குகிற சத்தம் கேட்டது.

“சரி, அஞ்சு தடவ எதுக்குப் பார்த்த?”

“பயம் சார்.”

“எங்ககிட்ட ஒரு நாளைக்கு நூறு பீஸ் வரும். நூறுக்கும் இப்படிப் பயப்படுவியா?”

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வேலைக்கு வந்த எந்தப் பெண்ணும் இல்லை என்றுதான் சொல்வாள். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அது பொய். பீடத்தில் வைத்து விட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும் பொய்.

“பயப்படுவேன் சார்” என்றேன். “கைய எட்த்துட்டுப் பயப்படுவேன்.”

அவர் தாளின் மேல் என்னவோ எழுதினார். அதைத் தலைகீழாகப் படிக்க முயன்றேன், முடியவில்லை. தாளை மற்ற தாள்களோடு சேர்த்து வைத்தார்.

“திங்கட்கிழமை காலைல எட்டரைக்கு வந்துடு. இன்ஸ்பெக்‌ஷன்ல. கேட்டுல உன் பேரச் சொல்லு.”

“எட்டரையா சார்?”

“எட்டரை.”

எட்டரை என்றுதான் சொன்னாரா, எட்டு என்றாரா? திங்கட்கிழமை என்றால் வருகிற திங்கட்கிழமையா? எந்தக் கேட்? இன்னொரு முறை கேட்கலாம், தப்பில்லை. வாயைத் திறந்தேன். அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

நான் கேட்கவில்லை. வெளியே வந்தேன். வெண்ணிலா தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே குதித்து இறங்கினாள்.

“எத்தினி மணிக்கு வரச்சொன்னாரு?”

“எட்டரை.”

“மெய்யாலுமா? எனக்கு எட்டுன்னாரே. நல்லா கேட்டியா?”

ஒரு நொடி கால் திரும்பப் பார்த்தது.

“எட்டரைதான்டீ” என்றேன். “கேட்டாச்சு.”